மையர் வீட்டுக்கு எத்தனை ஸ்பெல்லிங்? டீச்சர் பதில்கள்

குடும்ப மரம் எழுதுறது பத்தி போன மாசம் எழுதினேன் இல்லையா, அதுக்கு வந்த கடிதத்துல ஒரு கட்டு ஜெர்மன் குடும்பப் பேரு சம்பந்தமாவே வந்திருக்கு. நம்ம தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைங்க அங்க போயி கல்யாணம் கட்டி பிள்ளை குட்டியோட இருக்கிற காலம் இது, அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: டீச்சர், எம் மகன் ஜெர்மனியில ஒரு ஜெர்மன்காரப் பிள்ளைய கட்டியிருக்கான், தங்கமான மருமக. பேத்திக்கு ஸ்கூல்ல குடும்ப மரம் வரைஞ்சிட்டு வரச் சொல்லியிருக்காங்க. எங்க பக்கத்த நான் சொல்லிட்டேன், மருமக பக்கத்துல தான் சிக்கல். அவ குடும்பப் பேரு மையர். பாஸ்போர்ட்ல எம் ஈ ஐ ஈ ஆர். அவ தாத்தாவோட தாத்தா கல்யாண சர்டிபிகேட்ல எம் ஈ வை ஈ ஆர். அதுக்கு முந்தின சர்ச் புத்தகத்துல எம் ஏ வை ஆர், அதே ஆளோட தம்பிக்கு எம் ஏ ஐ ஈ ஆர். இதெல்லாம் ஒரே குடும்பமா, வேற வேற ஆளுங்களா? எது சரியான ஸ்பெல்லிங்?
ஹட்டன் வாசகி

பதில்: அக்கா, கடைசியா கேட்டதுக்கு முதல்ல சொல்லிடுறேன், சரியான ஸ்பெல்லிங்னு ஒண்ணு அந்தக் காலத்துல கிடையாது. சர்ச்ல ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாத்தையும் பாதிரியார் தான் எழுதுவாரு. வந்து நிக்கிறவங்க பேரைச் சொல்லுவாங்க, அவரு காதுல விழுந்தத எழுதுவாரு, அவரு வேற ஊர்க்காரரா இருந்தா அந்த ஊரு பேச்சு அவருக்கு வேற மாதிரி கேக்கும், எழுதினது சரியான்னு பாக்கிறதுக்கு வந்தவங்கள்ல நிறைய பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தெரிஞ்சாலும் யாரும் அத ஒரு பெரிய விஷயமா எடுக்கல. ஒரே பாதிரியார் ஒரே பக்கத்துல ஒரே ஆளுக்கு ரெண்டு விதமா எழுதியிருக்கிறதும் சர்வசாதாரணம்.

இது நமக்குப் புதுசா அக்கா? எங்க தாத்தா பேரு கருப்பையா. தோட்டத்து செக்ரோல்ல, அதாவது வேலையாளுங்க பேரு எழுதுற புத்தகத்துல, ஒரு கிளாக்கர் கே போட்டு ஆரம்பிச்சாரு, அடுத்து வந்த கிளாக்கர் சி போட்டு ஆரம்பிச்சாரு, அப்பாவோட பிறப்புச் சர்டிபிகேட்ல நடுவுல ஒரு பி, ஐசியில, அதான் அடையாள அட்டையில, ரெண்டு பி. தாத்தா கடைசி வரைக்கும் பெரட்டுக் களத்துல (காலையில பேரு கூப்பிடுற இடம்) கருப்பையான்னு கூப்பிட்டா ‘ஏன் சாமி’ன்னு திரும்பிப் பாத்த ஒரே ஆளு தான். ஆனா என்னோட பென்ஷன் பேப்பர் போடுறப்ப ஒரு ஆபீஸ்ல அந்த ஒரு எழுத்துக்காக என்னை மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க, சத்தியக்கடதாசி முடிச்சிக் கொண்டு போய் கொடுத்த அன்னிக்கு பஸ்ஸுல உக்காந்து அழுதுட்டே வந்தேன். பிரஜாவுரிமை பேப்பருக்கு அலைஞ்ச நம்ம சனத்துக்கு இது எப்பேர்ப்பட்ட வலின்னு சொல்லிக் கொடுக்கத் தேவையில்ல. அதனால அந்தப் பாதிரியார் எழுதினத பாத்து ‘இது வேற ஆளு’ன்னு அவசரப்பட்டு நீங்க தள்ளிடக் கூடாதுன்னு தான் இவ்வளவு சொல்றேன்.

எப்ப ஸ்பெல்லிங் நிலைச்சுதுன்னா, அரசாங்கம் ரெஜிஸ்டர் ஆபீஸ் திறந்த பிறகு தான். ஜெர்மனியிலேயே பெரிய ராஜ்ஜியமா இருந்த பிரஷ்யாவுல 1874 ஒக்டோபர் 1, ஜெர்மன் பேரரசு முழுக்க 1876 ஜனவரி 1. ரைன் ஆத்துக்கு மேற்குப் பக்கம் பிரெஞ்சுக்காரங்க ஆண்டதால அதுக்கும் எழுபது எண்பது வருஷம் முந்தியே வந்துடுச்சு. அந்தப் புத்தகத்துல எப்படி விழுந்துச்சோ அதுவே குடும்பத்துக்கு நிரந்தரம்னு ஆயிப் போச்சு. அண்ணன் ஒரு ஊர்ல, தம்பி ஒரு ஊர்ல இருந்து பதிஞ்சிருந்தா, ஒரே வயித்துல பொறந்தவங்களோட பேரப்பிள்ளைங்க இன்னிக்கு ரெண்டு ஸ்பெல்லிங்ல இருப்பாங்க. உங்க மருமக குடும்பத்துல நடந்தது அதுவா இருக்கலாம். சர்டிபிகேட்டோட வருஷத்த முதல்ல பாருங்க, 1876க்கு முந்தினதா இருந்தா ஸ்பெல்லிங் வித்தியாசத்த ஒரு சாட்சியாவே எடுக்காதீங்க.

இப்ப நான் ஒரு விஷயம் சொல்றேன், இத நானே செஞ்சு பாத்து அசந்து போனேன். நீங்க எழுதின நாலு ஸ்பெல்லிங்கையும் தமிழ்ல எழுதிப் பாருங்க. மையர், மையர், மையர், மையர். முடிஞ்சுது! தமிழ்ல எழுதினவுடனே நாலும் ஒண்ணாயிடுச்சு, ஏன்னா நாம சத்தத்த எழுதுறோம். இதுல இன்னொரு விசேஷம் இருக்கு. ஜெர்மன் பேருல அடிக்கடி மாறுறது எந்த எழுத்துன்னா பி (B) மாதிரி மெல்லிசா வர்றதும் பி (P) மாதிரி அழுத்தி வர்றதும், டி ரெண்டு விதம் (D, T), ஜி-யும் கே-யும். ஊர்ப்பேச்சுல அந்த வித்தியாசம் மங்கிப் போயிருந்த இடங்கள் நிறைய. நம்ம தமிழ்ல பாத்தீங்கன்னா ப ஒண்ணு தான், ட ஒண்ணு தான், க ஒண்ணு தான்! ஷ்ரோடர்னு ஒரு பேரு, நடுவுல மெல்லிசு டி போட்டும் எழுதுவாங்க, அழுத்தமான டி போட்டும் எழுதுவாங்க, நமக்கு ரெண்டும் ஷ்ரோடர் தான். க்ராமர்னு ஒரு பேரு, கே-யிலயும் வரும் சி-யிலயும் வரும், நமக்கு க்ராமர். ஷ்மிட், கடைசியில டி-யும் (D) டி-யும் (T) சேந்து வந்தாலும் ஒத்தையா வந்தாலும் ஷ்மிட்.

ஜெர்மன்காரங்க இதுக்குன்னே ஒரு முறை வச்சிருக்காங்க, கொலோன் ஒலிமுறைன்னு பேரு, 1969ல வந்தது. பேரை எழுத்தா பாக்காம இலக்கமா மாத்துவாங்க. ப சத்தம் ரெண்டுக்கும் 1, ட சத்தம் ரெண்டுக்கும் 2, க சத்தத்துக்கு 4, சில விதிவிலக்கும் உண்டு. உயிரெழுத்து முதல்ல வந்தா மட்டும் கணக்கு, நடுவுல வந்தா விட்டுடுவாங்க. மையர் எப்படி எழுதினாலும் 67, ம-வுக்கு 6, ர-வுக்கு 7. முல்லர் 657. இங்கிலீஷ்காரங்க பாவிக்கிற சவுண்டெக்ஸும் இதே மாதிரி தான், ஆனா அது முதல் எழுத்த அப்படியே வச்சிக்கும், அதனால கே க்ராமரும் சி க்ராமரும் அதுல பிரிஞ்சு போயிடும், ஜெர்மன் பேருக்கு அத மட்டும் நம்பிடாதீங்க.

தமிழ்ல எழுதுறதுலயும் ஒரு இடம் வழுக்கும். ஜெர்மன்ல வி எழுத்து பெரும்பாலும் ஃப சத்தம், டபிள்யூ எழுத்து வ சத்தம். பேப்பர்ல வி-ன்னு பாத்துட்டு நீங்க வோக்ட்னு எழுதினா தப்பு, அது ஃபோக்ட், அதே பேரு எஃப் போட்டும் வரும். அதனால பேப்பரைப் பாத்து எழுதாதீங்க, மருமகளை வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் போடச் சொல்லுங்க, அதக் கேட்டு தமிழ்ல எழுதுங்க. அப்புறம் அந்தச் சத்தத்த இங்கிலீஷ் எழுத்துல எத்தனை விதமா எழுதலாமோ அத்தனையும் ஒரு தாளுல எழுதி வச்சிட்டு ஒவ்வொண்ணா தேடுங்க. ஃபேமிலிசர்ச்னு வம்சாவளி தேடுற இணையதளத்துல பேருக்கு நடுவுல ஒரு நட்சத்திரக் குறி போட்டா அந்த இடத்துல எந்த எழுத்து இருந்தாலும் கொண்டு வரும்.

இன்னொரு பக்கமும் சொல்லணும், ஏன்னா சத்தம் ஒண்ணா இருக்கிறதால எல்லாரும் சொந்தம்னு ஆகிடாது. மையர்ங்கிறது பிரபுவோட நிலத்த அவருக்காகப் பொறுப்பா பாத்துக்கிட்ட ஆளு, நம்ம தோட்டத்துல பெரிய கங்காணி மாதிரின்னு வச்சிக்கோங்களேன். ஊருக்கு ஊரு அப்படி ஒருத்தர் இருந்ததால ஊருக்கு ஊரு மையர் குடும்பம், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம. அதனால பேரை விட ஊரைப் பிடிங்க. அப்பா அம்மா பேரு, அம்மாவோட பொறந்த வீட்டுப் பேரு, ஞானப்பெற்றோர் யாரு, தொழில் என்ன, வீடு எது, இதுல மூணு நாலு பொருந்தினா ஸ்பெல்லிங் எப்படி இருந்தாலும் அது அதே ஆளு தான். ஒண்ணுமே பொருந்தாம ஸ்பெல்லிங் மட்டும் அச்சு அசலா பொருந்தினா அது யாரோ. கத்தோலிக்க சர்ச் புத்தகம் நிறைய மட்ரிகுலாங்கிற இணையதளத்துல இலவசமா பாக்கலாம், புரட்டஸ்தாந்துன்னா ஆர்க்கியோன்னு இன்னொரு தளம், அதுக்குக் காசு கட்டணும். பேத்தி வரையிற மரத்துல அந்த நாலு ஸ்பெல்லிங்கையும் அப்படியே போடச் சொல்லுங்க அக்கா, ஒண்ணா மாத்த வேணாம்.

கேள்வி: டீச்சர், நான் வீட்டுல இருந்து பழைய ஜெர்மன் சர்ச் ரெக்கார்ட் டைப் பண்ற வேலை பாக்குறேன். தப்பா இருக்கிற பேரை நானே திருத்தி அடிக்கலாமா? அப்பாவுக்கு ஷ்னைடர்னு இருக்கு, மகளுக்கு ஷ்னைடரின்னு இருக்கு, இந்த மாதிரி நூத்துக்கணக்குல வருது.
கொட்டகலை தம்பி

பதில்: வேணாம் தம்பி, கெஞ்சிக் கேக்குறேன், திருத்தாதீங்க! ஷ்னைடரின் தப்பே இல்ல. அந்தக் காலத்துல பொம்பளைங்க குடும்பப் பேருக்குப் பின்னால இன் சேத்து எழுதுவாங்க, முல்லர் வீட்டுப் பொண்ணு முல்லரின், நாம கருப்பன் கருப்பாயின்னு சொல்ற மாதிரி. குடும்ப மரம் போடுறவங்க அந்த இன்னை எடுத்துட்டு போடுவாங்க, அது அவங்க வேலை. ஆனா சில பேரு உண்மையாவே இன்னுல முடியும், நீங்க எல்லாத்தையும் வெட்டிட்டீங்கன்னா அந்தக் குடும்பம் காணாமப் போயிடும்.

புத்தகத்துல என்ன இருக்கோ அத ஒரு கட்டத்துல அப்படியே அடிங்க, இப்ப வழக்கத்துல உள்ள பேரைப் போட இன்னொரு கட்டம் கொடுத்திருந்தா அதுல அதப் போடுங்க, கொடுக்கலன்னா வேலை கொடுத்தவங்ககிட்ட கேளுங்க. படிச்ச பாதிரியாருங்க பேரை லத்தீன்ல மாத்தியும் எழுதியிருப்பாங்க, முல்லர் மொலிட்டோர் ஆகியிருப்பாரு, ஷ்மிட் ஃபாபர், வேபர் டெக்ஸ்டோர், அதையும் அப்படியே அடிங்க.

கையெழுத்து விஷயத்துல மட்டும் கவனமா இருங்க, ஏன்னா மத்ததெல்லாம் காதுத் தப்பு, இது கண்ணுத் தப்பு. குர்ரெண்ட்னு சொல்ற அந்தப் பழைய எழுத்துல ஈ (e) எழுத்து பாக்க என் (n) எழுத்து மாதிரியே இருக்கும், யூ-வுக்கு (u) மேல ஒரு சின்ன வளைவு போடுவாங்க, அது இல்லாட்டி அதுவும் என் (n) தான். நீள எஸ்ஸு எஃப் மாதிரி தெரியும். காது தப்பா கேட்டத தமிழ்ல எழுதி கண்டுபிடிச்சிடலாம்னு மேல அக்காவுக்கு சொன்னேன், கண்ணு தப்பா பாத்ததுக்கு அந்த வித்தை பலிக்காது. சந்தேகமா இருந்தா அதே பக்கத்துல உங்களுக்கு நிச்சயமா தெரிஞ்ச ஒரு வார்த்தைய, மாசத்தோட பேரையோ ஊரு பேரையோ எடுத்து, அதுல அந்த எழுத்த எப்படி எழுதியிருக்காருன்னு பக்கத்துல வச்சுப் பாருங்க. நீங்க பிழையா ஒரு எழுத்த அடிச்சா எங்கயோ ஒரு பேத்தி தன்னோட பாட்டிய தேடிக் கிடைக்காமலே போயிடுவா, அத நினைச்சுக்கிட்டு அடிங்க தம்பி.

கேள்வி: தகப்பனுக்கு ஒரு பேரு, மகனுக்கு சம்பந்தமே இல்லாத இன்னொரு பேரு. என் சினேகிதியோட ஜெர்மன் மாமியார் குடும்பத்துல இப்படி இருக்கு. ஸ்பெல்லிங் தப்புன்னு சொல்லவே முடியாது. எப்படி?
மாத்தளை வாசகி

பதில்: எந்த ஊருன்னு எழுதலையே தங்கச்சி, அது தெரிஞ்சா ஒரே வரியில சொல்லியிருப்பேன். கிழக்கு ஃப்ரீஸ்லாந்துன்னு கடலோரமா ஒரு பகுதி, எம்டன் பட்டணம் இருக்கிற இடம். 1914 செப்டம்பர்ல சென்னைப் பட்டணத்துல குண்டு போட்ட எம்டன் கப்பலுக்கு அந்த ஊரு பேரு தான் வச்சாங்க, நாம முரட்டு ஆளப் பாத்து எமண்டன்னு சொல்றது அதுல இருந்து வந்தது. அந்தப் பகுதியில தகப்பனோட பேரு தான் பிள்ளைக்குப் பின்பேரு, தலைமுறைக்குத் தலைமுறை மாறும், நம்ம இனிஷியல் மாதிரியே! நெப்போலியன் 1811ல சட்டம் போட்டு குடும்பப் பேரை நிலையா வச்சிக்கச் சொன்னாரு, அப்பவும் சனம் சட்டுனு மாறல.

ஜெர்மனிக்கு மேற்குல உள்ள வெஸ்ட்ஃபாலியா பக்கம்னா கதை வேற. அங்க பேரு பண்ணையோட ஒட்டிக்கிட்டிருக்கும். ஒருத்தன் இன்னொரு பண்ணையில வீட்டோட மாப்பிள்ளையா போனா பண்ணையோட பேரை எடுத்துக்குவான், பிள்ளைங்களும் அதுல தான் வருவாங்க. புத்தகத்துல ரெண்டு பேருக்கும் நடுவுல கெனான்ட்னு ஒரு வார்த்தை இருக்கான்னு பாருங்க, நம்ம காணி உறுதியில ‘ராமசாமி என்கிற முத்தையா’ன்னு எழுதுற அந்த என்கிற தான் அது. முந்தின பேரு பொறந்த பேரா, பண்ணைப் பேரான்னு கல்யாணப் பதிவையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கேள்வி: எங்க ஊரு தியத்தலாவை. யுத்த காலத்துல இங்க முகாம்ல ஜெர்மன்காரங்க அடைபட்டிருந்தாங்கன்னு அப்பா சொல்லுவாரு. ஜெர்மனியில இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க, அவங்க தாத்தா இந்த முகாம்ல இருந்தாராம், ஆனா இங்கிலீஷ் லிஸ்ட்ல அவரு பேரு இல்லையாம். நான் எப்படி உதவலாம்?
தியத்தலாவை வாசகர்

பதில்: அப்பா சொன்னது நிஜம் தம்பி. 1900ல, தென்னாப்பிரிக்காவுல நடந்த போயர் யுத்தத்துக் கைதிகளுக்காகத் திறந்த முகாம் அது, பிறகு முதல் உலக யுத்தத்துலயும் ரெண்டாவதுலயும் இங்க இருந்த ஜெர்மன்காரங்கள அதே தியத்தலாவையில தான் வச்சாங்க, 1942ல இந்தியாவுக்கு, டெஹ்ரா டூனுக்கு அனுப்பிட்டாங்க.

லிஸ்ட் எழுதினது இங்கிலீஷ் கிளாக்கர்ங்கிறத மறந்துடாதீங்க. ஜெர்மன்ல ஏ, ஓ, யூ மூணுக்கும் தலையில ரெண்டு புள்ளி வச்ச எழுத்து இருக்கு. இங்கிலீஷ் டைப்ரைட்டர்ல அது இல்ல, அதனால ஒருத்தர் புள்ளிய விட்டுட்டு எழுதுவாரு, ஒருத்தர் பக்கத்துல ஒரு ஈ சேத்து எழுதுவாரு, முல்லர் மில்லர் கூட ஆயிடுவாரு. ரெட்டை எஸ்ஸுக்கு அவங்ககிட்ட ஒரு தனி எழுத்து இருக்கு, பாக்க பெரிய பி (B) மாதிரியே இருக்கும், தெரியாதவங்க பி-ன்னே எழுதிடுவாங்க. தென்னாப்பிரிக்காவுல ஜனாதிபதியா இருந்தாரே பால் க்ரூகர், அவரு மூதாதையர் 1713ல ஒல்லாந்தரோட (டச்சுக்காரங்களோட) கிழக்கிந்திய கம்பெனிச் சிப்பாயா பெர்லின்ல இருந்து போன ஒரு ஜெர்மன்காரரு, பேருல அந்த ரெண்டு புள்ளி இருந்துச்சு, பிறகு வந்த சந்ததிக்கு அது இல்ல.

அந்தம்மாகிட்ட இன்னும் ஒண்ணு கேளுங்க, தாத்தா பிக்குவா இருந்தாரா? ஏன்னா வீஸ்பாடன்ல 1878ல பொறந்த அன்டன் குயெத், நாம ஞானதிலோக தேரர்னு அறிஞ்சவரு, ரெண்டு யுத்தத்துலயும் தியத்தலாவையில அடைபட்டவரு. அப்படி துறவறம் பூண்டவங்களுக்கு வீட்டுப் பேரு ஒண்ணு, துறவறப் பேரு ஒண்ணு, ரெண்டுலயும் தேடணும். இல்லைன்னா பேரை விட்டுட்டு பொறந்த தேதி, பொறந்த ஊரு, வேலை பாத்த கப்பல் இல்ல கம்பெனி, இத வச்சு லிஸ்ட்ட மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை வாசிச்சிடுங்க. மெதுவான வேலை தான், ஆனா நான் கண்டுபிடிச்ச பாதிப் பேரு அப்படி வாசிக்கும்போது தான் கிடைச்சாங்க.

கேள்வி: என் வீட்டுக்காரரோட அம்மாயி பறங்கிப் பொம்பளை. அவங்க பழைய பைபிள் எங்க வீட்டுல இருக்கு. முதல் பக்கத்துல பேரெல்லாம் எழுதியிருக்கு, மேல ஷ்மிட், அதுக்குக் கீழ ஸ்மிட், அப்புறம் எல்லாருக்கும் ஸ்மித். முதல் ஆளு பேருக்குப் பிறகு ‘வான்’னு (van) போட்டு ஒரு வார்த்தை, வாசிக்க முடியல. இவங்க ஜெர்மன்காரங்களா, ஒல்லாந்தரா, இங்கிலீஷ்காரங்களா?
நுவரெலியா வாசகி

பதில்: தங்கச்சி, உங்க கடிதத்த ரெண்டு தடவை வாசிச்சேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஒரே பக்கத்துல மூணு ராஜ்ஜியமே இருக்கு! ஒல்லாந்தக் கிழக்கிந்திய கம்பெனியில சிப்பாயாவும் மாலுமியாவும் வேலைக்குச் சேந்தவங்கள்ல ஜெர்மன்காரங்க ஏராளம். இங்க வந்து இறங்கினதும் ஒல்லாந்த கிளாக்கர் ஷ்மிட்ட ஸ்மிட்னு எழுதுவாரு, முதல் பேரையும் விட மாட்டாரு, யோஹான் யான் ஆயிடுவாரு, ஹைன்ரிஷ் ஹெண்ட்ரிக். 1796ல இங்கிலீஷ்காரன் வந்த பிறகு ஸ்மிட் ஸ்மித். மூணுக்கும் அர்த்தம் ஒண்ணு தான், இரும்படிக்கிற ஆசாரி. அதனால இங்க சத்தத்த மட்டும் பிடிச்சிக்கிட்டு போக முடியாது, அர்த்தத்தையும் பாக்கணும், முல்லர் முல்டர் ஆகியிருக்கலாம், ரெண்டும் மில்லுக்காரர் தான்.

பறங்கியர் சங்கம் 1908ல தொடங்கினது, அவங்க சஞ்சிகையில நிறைய குடும்பங்களோட வம்சாவளி அச்சாகியிருக்கு, முதல்ல அதப் பாருங்க. அச்சுல இருக்கேன்னு அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க பைபிளோட ஒத்துப் பாத்து எடுங்க. கொழும்புல தேசிய சுவடிகள் திணைக்களத்துல ஒல்லாந்தர் கால ஏடுகள் இருக்கு, வுல்ஃபெண்டால் சர்ச் பழைய பதிவும் முக்கியம். கம்பெனியோட கப்பல் சம்பளப் புத்தகங்கள் நெதர்லாந்து தேசிய காப்பகத்துல இருக்கு, பெரும்பாலும் 1700ல இருந்து 1794 வரைக்கும், அதுல இருக்கிற ஆளுங்க பேரை இணையத்துலயே தேடலாம். ஒவ்வொருத்தர் பேருக்கும் பக்கத்துல எந்த ஊருல இருந்து வந்தாருன்னு எழுதியிருக்கும், அந்த ஊரு பேரும் காதால கேட்டு எழுதினது தான், அதையும் தமிழ்ல எழுதி சத்தம் போட்டு வாசிச்சுப் பாருங்க.

நீங்க சொல்ற வான் குடும்பப் பேரு இல்லாம இருக்க வாய்ப்பு அதிகம். ஒல்லாந்த மொழியில ‘வான்’னா இன்ன ஊருல இருந்துன்னு அர்த்தம், அதுக்குப் பிறகு வர்ற அந்த வார்த்தை தான் அவரு பொறந்த ஊரு. ஷ்மிட்னு ஆயிரக்கணக்குல இருப்பாங்க, அந்த ஊரு தெரிஞ்சா தான் உங்க ஷ்மிட் யாருன்னு தெரியும். பகல் வெளிச்சத்துல, ஜன்னல் பக்கமா வச்சு, ஃப்ளாஷ் போடாம அந்தப் பக்கத்த போட்டோ எடுங்க, தாளை அழுத்தி விரிக்காதீங்க, தைச்ச இடம் விட்டுடும். அந்த ஒரு வார்த்தையில எத்தனை எழுத்து தெரியுதோ அத்தனைய எழுதி, தெரியாத இடத்துல ஒரு கோடு போட்டு, போட்டோவோட எனக்கு அனுப்பி வைங்க.